ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள்: ஜோடியாக நிரல் எழுத வைத்தால் உண்மையில் கற்கிறார்களா?

நூலகத் திண்ணை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறு காலைகளில் ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் (கட்டளைக் கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதும் மொழி) சொல்லிக்கொடுக்கிறோம். எல்லாம் நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகள். வருகிற பிள்ளைகள் அதைப்போல் இரண்டு மடங்கு. வேறு வழியில்லாமல் ஒரு கணினிக்கு இரண்டு பேராக உட்காரவைத்தோம்.

நடப்பது என்னவென்றால், முதலில் மவுஸைப் பிடித்த பிள்ளை வகுப்பு முடியும்வரை விடுவதில்லை. பக்கத்துப் பிள்ளை கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும், அப்புறம் வார இதழ் அலமாரிப் பக்கம் பார்வை போய்விடும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டுவார்கள்.

உடன் வரும் நண்பர், "பெரிய கம்பெனிகளிலேயே இப்படித்தான் செய்கிறார்கள், ஜோடி நிரலாக்கம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது, அப்படியே விடு" என்கிறார். இன்னொருவர் இரண்டு பேட்ச் ஆக்கி ஆளுக்கொரு கணினி கொடு என்கிறார். பேட்ச் பிரித்தால் ஆளுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடும். எது நல்லது? பிள்ளைகளை வைத்து யாராவது ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பிழைதிருத்தி

சென்னையில் மென்பொருள் வேலை. எங்கள் அணியில் ஜோடியாக எழுதுவது வழக்கம் என்பதால் பின்னணியை மட்டும் சொல்கிறேன்.

இது பரவலானது 1990களின் கடைசியில். கென்ட் பெக் என்ற மென்பொருளாளர் கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளப் பட்டியல் மென்பொருளில் வேலை செய்தபோது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற வேலைமுறை உருவானது. அதன் விதிகளில் ஒன்றுதான் ஜோடியாக எழுதுவது. ஒருவர் டிரைவர், கீபோர்டு அவர் கையில். மற்றவர் நேவிகேட்டர். எழுதுவதைப் படித்துக்கொண்டே வருவார், தப்பு தெரிந்தால் அங்கேயே சொல்வார், அடுத்து எங்கே போகிறோம் என்பதையும் யோசிப்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வார்கள்.

1999இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் மாணவர்களை வைத்துச் சோதித்தார். ஜோடிகளுக்கு மொத்த ஆள்நேரம் ஏறத்தாழ 15 சதவீதம் கூடியது, ஆனால் பிழைகள் குறைந்தன. பின்னால் பிழை தேடி அலையும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த 15 சதவீதம் பெரிய விலை இல்லை என்பது அவர் வாதம்.

ஆனால் இவர்கள் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். பத்து பன்னிரண்டு வயதுக்கு அப்படியே பொருந்துமா என்பது எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. ஒன்று மட்டும் உறுதி: நீங்கள் விவரிப்பது ஜோடி நிரலாக்கம் இல்லை. ஒருத்தர் எழுதுகிறார், இன்னொருத்தர் பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

கரும்பலகை

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியை. பிழைதிருத்தி சாரின் கடைசி வரிக்கு நூறு மார்க்.

எங்கள் லேபில் ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்காரும் நாளும் உண்டு. பதினொன்றாவதுக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாவதுக்கு பைத்தான். மூன்று பேரில் ஒருத்தி டைப் அடிப்பாள், ஒருத்தி ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரி வரியாகச் சொல்வாள், மூன்றாவது பிள்ளை மார்ஜின் போட்டுக்கொண்டிருக்கும். அவுட்புட் வந்துவிடும். மூன்று பேருமே எதையும் யோசித்திருக்க மாட்டார்கள். பொதுத்தேர்வு பிராக்டிகலில் தனியாக உட்காரும்போதுதான் விஷயம் வெளியே வரும்: ஓர் அரைப்புள்ளி விடுபட்டதற்குத் திரை முழுக்கப் பிழைச்செய்தி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள்.

நான் செய்வது இது. டிரைவர், நேவிகேட்டர் என்றால் பிள்ளைகளுக்கு மனதில் ஒட்டவில்லை. டிரைவர், கண்டக்டர் என்று மாற்றினேன். கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டி நகரக்கூடாது. அதாவது, கண்டக்டர் வாயால் சொல்லாத எதையும் டிரைவர் டைப் அடிக்கக் கூடாது. கண்டக்டர் கீபோர்டைத் தொடக் கூடாது, திரையில் விரலால் காட்டலாம். டிரைவருக்கு வேறு யோசனை வந்தால் கையை எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். கண்டக்டர் ஒத்துக்கொண்டால்தான் எழுதலாம்.

முதல் நாள் லேப் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகள் கத்துவதில் பாதி பாடத்தைப் பற்றித்தான் என்பது காது கொடுத்துக் கேட்டால் தெரியும்.

பிழைதிருத்தி

டீச்சர் சொல்லும் விதிக்கு எங்கள் வட்டாரத்திலும் ஒரு பெயர் உண்டு, ஸ்டிராங் ஸ்டைல் என்பார்கள். லெவலின் ஃபால்கோ என்பவர் பரப்பியது. உன் மண்டையில் இருக்கும் யோசனை இன்னொருவர் கை வழியாகத்தான் கணினிக்குள் போகவேண்டும் என்பது அதன் சாரம். புதிதாகச் சேர்ந்தவரை அனுபவசாலியோடு உட்காரவைக்கும்போது நாங்களும் இதைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஆற்றங்கரை

கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் நிரல் கற்றது தனியாக, பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து. ஒரு பிழையோடு முட்டி மோதி, வீட்டுக்குப் போய் சாப்பிடும்போதும் அதையே நினைத்து, மறுநாள் வந்து தீர்த்தால்தான் மண்டையில் நிற்கும். பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் அந்த யோசனை எப்படி ஓடும்? வேகமாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையை மெதுவாகப் போகும் பிள்ளையோடு கட்டிப்போட்டால் முதல் பிள்ளைக்கு எரிச்சல், இரண்டாவது பிள்ளைக்குத் தாழ்வு மனப்பான்மை. கணினி பத்தாத குறைக்கு "இதுவும் ஒரு கற்பித்தல் முறை" என்று பெயர் வைத்து நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்கிறோமோ என்று சந்தேகம்.

பி.எட். படித்தவர்கள் இப்போது, பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்துதான் கற்கிறார்கள் என்ற உளவியலாளர் வைகாட்ஸ்கியை இழுத்துக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும்.

கரும்பலகை

வைகாட்ஸ்கியை இழுக்கவில்லை சார், அவர் பாவம். நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு குழுக் குழுவாக உட்கார்வார்கள். ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு, சக மாணவர் உதவியோடு படிக்கும் குழு, தானே படிக்கும் குழு என்று தனித்தனியாக இருக்கும். ஒரே பிள்ளை ஒரு பாடத்துக்குள்ளேயே ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். ஜோடி என்பது அதில் நடுவில் வரும் ஒரு கட்டம். அங்கேயே குடியிருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லும் முட்டல் மோதல் வேண்டும்தான். ஆனால் உங்களைப் போல மறுநாள் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், முதல் பிழையோடு "இது நமக்கு வராது" என்று போனவர்கள் எத்தனை பேர்? போனவர்கள் இந்த இழையில் எழுத மாட்டார்கள்.

அடிக்குறிப்பு

கணினிக் கல்வியில் ஆய்வு செய்கிறேன். நூலகத் திண்ணை கேட்ட "சோதித்துப் பார்த்திருக்கிறார்களா" என்பதற்கு: நிறைய. விடைதான் ஒரே மாதிரி இல்லை.

முதலில் கல்லூரி. கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சார்லி மெக்டவல், லிண்டா வெர்னர் குழு 2000களின் தொடக்கத்தில் முதலாண்டு நிரலாக்க வகுப்பில் சிலரை ஜோடியாகவும் சிலரைத் தனியாகவும் எழுதவைத்தது. ஜோடியாக எழுதியவர்கள் பாடத்தைப் பாதியில் விட்டுப்போவது குறைவு. பெண்களில் கணினித் துறையிலேயே தொடர்ந்தவர்களும் கூடுதல். கரும்பலகை டீச்சர் கவலைப்பட்ட விஷயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. அடுத்த பாடத்தில் தனியாக எழுத வேண்டியிருந்தபோது இவர்கள் பின்தங்கவில்லை.

சிறுவர்களுக்கு வருவோம். அதே வெர்னர், ஜில் டென்னருடன் சேர்ந்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளை, முதலில் பெண் பிள்ளைகளை மட்டும், ஜோடியாகக் கணினி விளையாட்டு உருவாக்க வைத்துப் பல வருடம் கவனித்தார். ஜோடி யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் பலன் தருகிறது என்பதுதான் 2014இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் கேள்வியே. "ஜோடி நல்லதா கெட்டதா" என்று அவர்கள் கேட்கவில்லை பாருங்கள்.

ஆற்றங்கரை அண்ணன் பக்கமும் சான்று இருக்கிறது. 2011இல் காலீன் லூயிஸ், ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த பிள்ளைகளுக்கு நடந்த இரண்டு கோடை வகுப்புகளை ஒப்பிட்டார். ஒரு வகுப்பில் ஜோடிக்கு ஒரு கணினி. இன்னொன்றில் ஆளுக்கொரு கணினி, ஆனால் அடிக்கடி பக்கத்துப் பிள்ளையோடு கலந்து பேச வேண்டும். அன்றாடச் சிறுதேர்வு மதிப்பெண்ணிலும் மனப்பாங்குக் கேள்விகளிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளுக்கொரு கணினி வைத்திருந்தவர்கள் பயிற்சிகளை வேகமாக முடித்தார்கள். ஆக, பேச்சுதான் வேலை செய்கிறது, ஒரே கீபோர்டு என்பது கட்டாயம் இல்லை என்று இதை வாசிக்கலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 2015இல் அதே லூயிஸும் நிரல் ஷாவும் சேர்ந்து செய்தது. (பெயரே நிரல், இந்தத் துறைக்கென்றே வைத்த மாதிரி.) சில ஜோடிகளின் பேச்சை வரிவரியாக எழுதிப் பிரித்துப் பார்த்தார்கள். யார் கேள்வி கேட்கிறார், யாருக்குப் பதில் கிடைக்கிறது, யார் கட்டளை இடுகிறார். ஒரு பிள்ளை இன்னொன்றை ஓரங்கட்டிய ஜோடிகளில் பொதுவாகத் தெரிந்தது, வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம். அவசரம் வந்துவிட்டால் கேள்வி கேட்கும் பிள்ளை தொந்தரவாகிவிடுகிறது.

திண்ணையாரே, உங்கள் வகுப்பில் "யார் முதலில் முடிக்கிறீர்கள் பார்க்கலாம்" என்று சொல்லும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

தேம்ஸ் தமிழச்சி

நான் இங்கே லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியை. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயது முதலே கம்ப்யூட்டிங் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஜோடியாக உட்காரவைப்பது இங்கே சகஜம்.

கணினிக் கல்விக்காக இயங்கும் ராஸ்பெரி பை அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஒரு பெரிய திட்டத்தில், பெண் பிள்ளைகளுக்குக் கணினிமேல் ஆர்வம் கூடுமா என்று பார்க்கத் தொடக்கப் பள்ளிகளில் இந்த ஜோடி முறையையும் சோதித்தார்கள். 2022இல் அறிக்கை வந்தது. ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் பெண் பிள்ளைகளின் மனப்பாங்கில் புள்ளிவிவரக் கணக்கில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. ஒரு பருவத்தில் வாரம் ஒரு வகுப்பு நடத்தி, ஐந்து வயதிலிருந்து ஊறிப்போனதை மாற்ற முடியுமா என்ன என்பது என் எண்ணம்.

நேரில் பார்ப்பதைச் சொன்னால், ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்க்கும்போது கவனம் தேவை. பையன் மவுஸை எடுத்துக்கொள்வது மட்டும் பிரச்சினை இல்லை. பெண் பிள்ளை தானாகவே "நீயே பண்ணு, நான் படத்துக்குக் கலர் கொடுக்கிறேன்" என்று அலங்கார வேலைக்கு ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அழகாக வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். லூப் (திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) எழுதியது யார் என்று பார்த்தால்தான் தெரியும்.

நூலகத் திண்ணை

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கண்டக்டர் விதியை நேற்று வகுப்பில் போட்டுப் பார்த்தோம். ஒரு ஜோடியின் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்ததை எழுதுகிறேன். எட்டாவது படிக்கும் பையன் டிரைவர், ஏழாவது படிக்கும் பெண் கண்டக்டர். வேலை: ஸ்கிராட்ச் திரையில் இருக்கும் பூனையை நகர்த்திச் சம பக்க முக்கோணம் வரைய வேண்டும்.

பேனாவை இறக்கு, மூன்று முறை திரும்பச் செய், 100 அடி நகர், 60 டிகிரி திரும்பு. இதுவரை சண்டை இல்லை. முக்கோணத்தின் கோணம் 60 என்பது இரண்டு பேருக்குமே பாடம். நிரலை ஓட்டும் பச்சைக் கொடியை அழுத்தினார்கள். முக்கோணம் வரவில்லை. மூன்று கோடுகள் வாய் திறந்து நின்றன, அறுகோணத்தில் பாதி.

பையன் உடனே 60ஐ 90 ஆக்கினான், அப்புறம் 45, அப்புறம் 100. விசில் கிசில் எல்லாம் பறந்துவிட்டது. அந்தப் பெண், "நான் சொல்லாம மாத்தாதண்ணா" என்று அவன் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள். "நீதான் பூனை. எந்திரிச்சு நட."

அவனும் எழுந்து தரையின் டைல்ஸ் கோட்டோடு நேராக நடந்தான். "இப்ப 60 திரும்பு." திரும்பினான். "இப்ப நட." ரெண்டு எட்டு வைத்ததும் நின்றுவிட்டான். "இல்ல, இப்படியே போனா வெளிய போயிருவேன். நான் நல்லா பின்னாடி திரும்பணும்." அவள் தாளில் ஒரு கோடு போட்டாள். கோட்டை நேராக நீட்டினாள். உள்ளே 60, நேர்கோடு 180, அப்போ திரும்ப வேண்டியது? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 120 என்றார்கள்.

அதற்கப்புறம் நாங்கள் சொல்லாமலேயே சதுரம், ஐங்கோணம் என்று போனார்கள். ஐங்கோணத்துக்கு 72 என்று கண்டுபிடித்தது பையன். 360ஐப் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் போதும் என்று பொதுவாகச் சொன்னது அவள்.

மற்ற ஜோடிகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விடுகிறேன் என்பீர்கள். ஓர் இணைபிரியாத நண்பர் ஜோடி நேரம் முழுக்க ஐபிஎல் பேசியது. இன்னொரு ஜோடியில் கண்டக்டர் வாயே திறக்கவில்லை, விதிப்படி டிரைவரும் சும்மாவே இருந்தான். வண்டி டிப்போவிலேயே நின்றது.

அடிக்குறிப்பு

அந்தப் பெண் "நீதான் பூனை" என்றது அருமை. 1967இல் வந்த லோகோ, ஆமையை நகர்த்திப் படம் வரையவைக்கும் பிள்ளைகளுக்கான நிரல்மொழி. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் இதைத்தான் ஆசிரியர்களுக்குச் சொன்னார். ஆமை எப்படித் திரும்பும் என்று தெரியவில்லையா, நீயே ஆமையாகி நடந்து பார். ஸ்கிராட்ச் பிறந்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில்தான் அவரும் இருந்தார், அந்த வழியில் வந்ததுதான் ஸ்கிராட்சும்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? கீபோர்டு கையில் இருந்தவனுக்கு எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கத்தான் தோன்றியது. தள்ளி இருந்தவளுக்குத்தான் நிறுத்தி யோசிக்க முடிந்தது. அவன் மக்கு என்பதால் அல்ல. கையில் பட்டன் இருந்தால் யாருக்குமே அழுத்தத்தான் தோன்றும். அதனால்தான் இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்கு அழுத்தும் பழக்கமும் ஒருவருக்கு யோசிக்கும் பழக்கமும் நிலைத்துவிடும்.

ஆற்றங்கரை

சரி, அந்த முக்கோணக் கதை என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன். அந்தப் பையன் தனியாக இருந்திருந்தால் 120ஐ எப்படியும் பிடித்திருப்பான், இல்லையா?

கரும்பலகை

பிடித்திருப்பான். 45, 100 என்று போகிறவன் அடுத்து 120 போட்டிருப்பான், முக்கோணம் வந்திருக்கும், ஏன் வந்தது என்று தெரியாமலே அடுத்த வேலைக்குப் போயிருப்பான். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. அதை நடத்தும்போது இதே கூத்தை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

அந்தப் பேசாத கண்டக்டருக்கு: முதல் கால் மணி நேரம் இருவருக்கும் தாளும் பென்சிலும் மட்டும் கொடுங்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதை அவரவர் தனியாக எழுதட்டும். அப்புறம் கணினி முன்னால் உட்காரும்போது வாசித்துச் சொல்லவாவது கையில் ஒன்று இருக்கும். இதில் ஆற்றங்கரை சார் கேட்கும் தனி யோசனையும் அடங்கிவிடும். வகுப்பு முடிவில் நான் விளக்கம் கேட்பது எப்போதும் கடைசியாக டைப் அடிக்காத பிள்ளையிடம்தான். மார்க் இருவருக்கும் ஒன்றே. இது தெரிந்துவிட்டால் டிரைவரே பக்கத்துப் பிள்ளைக்குப் புரியவைக்கப் பாடுபடுவான்.

பிழைதிருத்தி

இடம் மாற்றுவதற்கு டைமர் வேண்டாம் என்பது என் கருத்து. யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் எல்லாம் கலைந்துவிடும். ஒரு சின்ன வேலை முடிந்ததும் மாறலாம்.

தேம்ஸ் தமிழச்சி

பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளிடம் "வேலை முடிந்ததும்" என்றால் மவுஸ் வைத்திருப்பவனுக்கு வேலை முடியவே முடியாது! நாங்கள் ஐந்து நிமிட மணல் கடிகாரம் வைத்திருக்கிறோம். மணல் இறங்கினால் பேச்சுவார்த்தை கிடையாது, இடம் மாறியாக வேண்டும். எட்டாவது பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கலாம். எழுந்து நாற்காலி மாற வேண்டும், மவுஸை மட்டும் நகர்த்தினால் அது திரும்பவும் பழைய கைக்கே போய்விடும்.

நூலகத் திண்ணை

நல்லது, இந்த ஞாயிறு தாளும் பென்சிலும், பத்து நிமிட மாற்றமும். ஐபிஎல் ஜோடியைப் பிரித்துவிடலாமா? ஒற்றைப்படையில் பிள்ளைகள் வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். போன வாரம் ஒரு பிள்ளை மிஞ்சி, என் பக்கத்தில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தது.

கரும்பலகை

பிரிக்க அவசரப்படாதீர்கள். கிரிக்கெட் ஸ்கோர்போர்டு செய்யச் சொல்லுங்கள். ரன், விக்கெட், ஓவர் என்று எண்ணிக்கையை வைத்துக்கொள்ள மூன்று மாறிகள், ஆறு பந்து ஆனதும் ஓவர் ஒன்று கூட வேண்டும். வைடு போட்டால் பந்து எண்ணிக்கை கூடக்கூடாது என்பதில் இருவரும் முட்டிக்கொள்வார்கள், அந்தச் சண்டை முழுக்கப் பாடம்தான்.

ஜோடி சேர்க்கும்போது வகுப்பிலேயே முதல் ஆளையும் கடைசி ஆளையும் ஒன்றாகப் போடாதீர்கள். பக்கத்துப் பக்கத்துத் திறமை என்றால் இருவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

மிஞ்சும் பிள்ளையை மூன்றாவது ஆளாக ஒரு ஜோடியோடு சேர்க்காதீர்கள், எங்கள் லேப் மார்ஜின் கதை ஆகிவிடும். நான் அந்தப் பிள்ளையை அன்றைக்குச் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆக்கிவிடுவேன். ஒவ்வொரு ஜோடியாகப் போய் நிரலை ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். உடைக்கத்தான் வேண்டும், சரி செய்து கொடுக்கக் கூடாது. அடுத்த வாரம் அந்த வேலை வேறு ஆளுக்கு. எங்கள் பள்ளியில் இப்போது அதற்குத்தான் போட்டி.